புழுதிக்காற்றுக்குப் பிறகு வீட்டைத் துடைப்பது: வினிகர், பளிங்குத் தரை, தண்ணீர்ச் செலவு

கேள்வி (சால்மியா, குவைத்)

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரைக்காரி, புழுதி எனக்குப் புதியதன்று. ஆனாலும் இங்கே ‘தோஸ்’ என்று சொல்லும் புழுதிக்காற்று ஒருமுறை அடித்து ஓய்ந்தால், இறுகச் சாத்திய ஜன்னலுக்குள்ளும் மாவு சலித்துக் கொட்டியதைப் போல ஒரு படலம் படிந்துவிடுகிறது. மகனுக்கு மூச்சிரைப்பு இருப்பதால், நெடியடிக்கும் தரைத் திரவங்களை நிறுத்திவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கோப்பை வினிகரும் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் கலந்து துடைத்து வந்தேன். நான்கு மாதங்களில் கூடத்தின் பளிங்குத் தரை மங்கிவிட்டது; அழுந்தத் துடைத்தாலும் வெண்மையான கோடுகள் போவதில்லை. இந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் எண்ணெயையும் எரிவாயுவையும் எரித்துக் கடல்நீரிலிருந்து எடுப்பது என்பதால், மூன்று நான்கு வாளி ஊற்றவும் மனம் ஒப்பவில்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்?

மறுமொழி 1 (ரியாத்)

சகோதரி, முதல் தவறு துடைக்கும் முறையில் இருக்கிறது. படிந்த புழுதியின்மேல் நேராக ஈர மாப்பைப் போட்டால் அது சேறாகி, தரை முழுவதும் இழுபட்டு, காய்ந்ததும் கோடாக நிற்கும். பூந்துடைப்பத்தால் பெருக்கினாலோ, நுண்ணிய தூள் எழும்பிக் குழந்தையின் மூக்கு உயரத்தில் நெடுநேரம் மிதக்கும். ஆகவே காற்று ஓய்ந்த உடனே தொடங்காமல், சில மணி நேரம் விட்டு எல்லாம் படிந்த பிறகு, மேலிருந்து கீழாக வாருங்கள்: அலமாரித் தலைகள், திரைக்கம்பி, மேசை, கடைசியாகத் தரை. மேசை நாற்காலிகளுக்கு நன்றாகப் பிழிந்த துணி போதும். தரையில் முதலில் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரை ஓட்டுங்கள், 0.3 மைக்ரான் அளவுத் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிப்பதே அந்த வடிகட்டிக்கான அளவுகோல். அதன்பின் தரைக்கு அரை வாளித் தண்ணீரே அதிகம். நகரும் அலுமினிய ஜன்னலின் தடத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் உலர்வாகக் கிளறி, வாக்குவத்தால் உறிஞ்சிய பிறகே ஈரத்துணியைத் தொடுங்கள். வாக்குவத்தின் தொட்டியை ஒரு பைக்குள் வைத்துக் கவிழ்க்காவிட்டால், பிடித்த தூசி பாதிக்குமேல் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். இது என் சொந்த அனுபவம்.

மறுமொழி 2 (ஜுபைல்)

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். வினிகரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். சமையல் வினிகரில் ஏறத்தாழ 5 விழுக்காடு அசெட்டிக் அமிலம் உண்டு. நீர்த்த கரைசலானாலும் நாள்தோறும் பட்டால் அது கல்லின் மேற்பரப்பை அரித்துவிடும். நீங்கள் காணும் மங்கல் அழுக்கன்று, கல்லே தேய்ந்ததன் அடையாளம். ஆகவே எந்தத் திரவத்தாலும் அது திரும்பாது, மெருகேற்றுபவரைத்தான் அழைக்க வேண்டும். அமிலமும் சோடாவும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு உப்பும் கரியமில வாயுவுமாக முடிந்துவிடுவதால், நுரை வருவதைத் தவிர அந்தக் கலவையால் பயனில்லை. ஒரு சிட்டிகை சோடாவோ உங்கள் வாளியின் அமிலத்தைத் தணிக்கவும் போதாது.

இந்தப் பாலைப் புழுதியில் குவார்ட்ஸ் மணலோடு சுண்ணாம்புத் தூளும் கலந்திருக்கிறது. அதனால்தான் குழாய்ப் பிடியிலும் கண்ணாடியிலும் காய்ந்த கறைக்கு வினிகர் அவ்வளவு அழகாக வேலை செய்கிறது. அங்கே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண சோப்பும் சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்து படலமாகும். பூந்திக்கொட்டை ஊறவைத்த நீருக்கு அந்தக் குறை இல்லை. ஊரிலிருந்து வருபவர்களிடம் கால் கிலோ சொல்லிவிட்டால் நெடுநாள் வரும். அது கிடைக்காவிட்டால், காரமும் அமிலமும் இல்லாத பாத்திரத் திரவம் சில துளிகள் போதும். பிளீச்சிங்கையும் வினிகரையும் எக்காலத்திலும் ஒன்றாகக் கலக்காதீர்கள்; குளோரின் வாயு எழும், மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அது பேராபத்து.

மறுமொழி 3 (தோஹா)

தூசியை உள்ளே விடாமல் தடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! காற்று அடிக்கும் வேளையில் சமையலறை, குளியலறை எக்சாஸ்ட் விசிறிகளை நிறுத்திவிடுங்கள். அவை உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளத் தள்ள, அதை ஈடுகட்ட வெளிக்காற்று ஒவ்வோர் இடுக்கின் வழியாகவும் புழுதியோடு நுழையும். நானும் பல மாதம் ஜன்னலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், குற்றவாளி விசிறிதான். வாசற்கதவின் அடியில் ஒரு பிரஷ் பட்டையும், ஜன்னல் ஓரங்களில் ஒட்டும் ஸ்பாஞ்சுப் பட்டையும் வைத்தால் துடைக்கும் வேலையே பெருமளவு குறைந்துவிடும். ஏசி வடிகட்டியைப் புழுதி மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்துங்கள். கட்டடத்துக்கே பொதுவான ஏசி என்றால் ஹாரிஸிடம் (கட்டடக் காவலாளியிடம்) கேட்டு வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள்.

ஏசிக் குழாயில் சொட்டும் நீரை ஒரு வாளியில் பிடித்துத் தரை துடைக்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து வடியும் நீரில் உப்பு மிகக் குறைவாக இருப்பதால் வெள்ளைத் திட்டு விழாது. குடிக்கவோ நாள்கணக்கில் தேக்கி வைக்கவோ மட்டும் கூடாது.

மறுமொழி 1 (ரியாத்)

அந்த யோசனை கடற்கரை ஊர்க்காரர்களுக்குத்தான், ஐயா. ரியாத்தின் வறண்ட காற்றில் என் ஏசி கோடையில் ஒரு சொம்புகூடத் தருவதில்லை.

கேட்டவர் (சால்மியா)

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு எக்சாஸ்டை நிறுத்திவைத்தேன். காலையில் சமையல் மேடையில் விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன், வழக்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்திருக்கிறது. பளிங்குக்கு மெருகேற்றுபவரைக் கேட்க வேண்டும். வாடகை வீடாயிற்றே, உரிமையாளரிடம் முதலில் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: மைக்ரோஃபைபர் துணி துவைக்கும்போது நெகிழி இழைகளை உதிர்க்கும் என்கிறார்களே, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 2 (ஜுபைல்)

தாராளமாக. நன்றாகப் பிழிந்த பழைய வேட்டி நுண்தூசியை ஒழுங்காகவே பிடிக்கும். நான் மைக்ரோஃபைபரைக் கண்ணாடிக்கு மட்டும் வைத்திருக்கிறேன். எந்தத் துணியானாலும் துவைக்கும்போது மென்மையாக்கும் திரவம் சேர்க்காதீர்கள், ஏனெனில் அதன் பிசுக்கு இழைகளில் படிந்தால் துணி தூசியைப் பிடிக்காமல் வெறுமனே தள்ளிக்கொண்டு போகும்.