12 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பல்: புதியவர் சரக்கறைக்குள் போகலாமா?

கரையோரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முதல்நிலை ஸ்கூபாச் சான்றிதழ் பெற்று நான்கு மாதங்கள் ஆகின்றன. பயிற்சிக்குப் பிறகு ஆறு முறை இறங்கியிருக்கிறேன். ஆறும் மணல்தரையும் பவளப்பாறையும் உள்ள இடங்கள்தான். அடுத்த மாதம் முதன்முறையாக ஒரு மூழ்கிய சரக்குக் கப்பலைப் பார்க்கப் போகிறோம். அதன் மேல்தளம் 5 மீட்டரிலும் அடிப்பகுதி 12 மீட்டரிலும் இருக்கிறதாம். உடன் வரவிருக்கும் நண்பர் என்னைவிடப் பல மடங்கு அனுபவம் உள்ளவர். அவர், "இது ஆழமே இல்லை, ஏதாவது என்றால் நேரே மேலே வந்துவிடலாம், சரக்கறை வழியாகவும் ஒரு சுற்றுப் போய்வரலாம்" என்கிறார். தலைக்கு மேல் கூரை உள்ள இடத்துக்குள் நுழையக் கூடாது என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்களே என்பது என் உறுத்தல். ஆழம் குறைவு என்றால் ஆபத்தும் குறைவுதானா?

பழைய நங்கூரம்

ஆழம் குறையும்போது, உடலில் கரையும் நைட்ரஜனின் கணக்கு இலகுவாகிறது என்பது உண்மை. பி.ஏ.டி.ஐ. என்ற ஸ்கூபாப் பயிற்சி அமைப்பின் அட்டவணையில், ஏறும்போது இடையில் கட்டாயமாக நிற்க வேண்டிய தேவை வராமல் தங்கக்கூடிய நேரம் 18 மீட்டருக்கு 56 நிமிடம்; அந்த வரம்பு 12 மீட்டரில் 147 நிமிடமாக நீள்கிறது. அதற்கு வெகு முன்பே உங்கள் சிலிண்டர் தீர்ந்துவிடும். ஆனால் நுரையீரலின் கணக்கு இதற்கு நேர்மாறானது. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 4 வளிமண்டலத்திலிருந்து 3 ஆகிறது. உள்ளிருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்கு விரிகிறது. 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தாலோ அதே காற்று இரு மடங்காகிறது. நிறைய மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினாலே நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. பதறி மேலே பாய்பவர் செய்வதும் பெரும்பாலும் அதையேதான்.

அடுத்து, "நேரே மேலே வந்துவிடலாம்" என்ற வாதம். வெளியே இருக்கும்வரை அது செல்லும்; சரக்கறைக்குள் போன கணமே செல்லாது, ஏனெனில் அங்கே மேலே இருப்பது இரும்பு. நீங்கள் விடும் குமிழிகள் கூரையில் மோதித் துருச் செதில்களை உதிர்க்கும். துடுப்பின் ஓர் உதை தரையில் படிந்த வண்டலைக் கிளப்பும். சற்றுமுன் வெளிச்சமாகத் தெரிந்த வாசல் பால் கலங்கியதுபோல் மறைந்துவிடும். உள்ளே போகிறவர்கள் வழிக்கயிறு விட்டுக்கொண்டு, ஆளுக்கு இரண்டு டார்ச்சுடன், காற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் செலவழித்துத் திரும்புகிறார்கள். கப்பல்களுக்கான தனிப்பயிற்சியை முடித்தவர்களுக்கே, ஆழத்தையும் உள்ளே போகும் தூரத்தையும் சேர்த்து 40 மீட்டர்தான் எல்லை. அதுவும் பகல் வெளிச்சம் எட்டும் இடம்வரைதான். உங்கள் நண்பருடைய அனுபவம் அவரைக் காக்கலாம், வண்டலுக்குள் உங்கள் கையைப் பிடித்து அழைத்துவரும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

துருப்பிடித்த சுக்கான்

மேலே சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் "சரக்கறை" என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாக் கப்பலையும் ஒரே தட்டில் வைத்துவிட வேண்டாம். மூடிப்பலகைகள் எல்லாம் மட்கிப்போய் வானம் பார்த்துத் திறந்து கிடக்கும் சரக்கறையும், அதிலிருந்து எந்திர அறைக்குப் போகும் இடைகழியும் ஒன்றல்ல. நான் ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன்: இந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு முழம்கூட நகராமல் நேர்மேலே எழும்ப முடியுமா? முடியும் என்றால் அது வெளியிடம். இல்லை என்றால், மறுமுனையில் வெளிச்சம் தெரிந்தாலும், அது உள்ளிடம். முதல் வகையிலும், தலைக்கு மேல் தொங்கும் தகடுகளைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

பாலித் தீவின் துலாம்பென் கரையோரம் கிடக்கும் லிபர்ட்டியைப் பாருங்கள். 1942 ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியதால் கரையேற்றப்பட்ட கப்பல் அது. 1963இல் ஆகுங் எரிமலை வெடித்தபோதுதான் கடலுக்குள் சரிந்தது. உடைந்து திறந்துகிடப்பதால், எந்த அறைக்குள்ளும் நுழையாமலே அதன் விலா எலும்புகளைப் போன்ற சட்டங்களை முழுக்கப் பார்த்துவிடலாம்.

முத்துச்சிப்பி

சகோதரரே, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் நான் அடிபட்டது அதில்தான். அலைகளின் ஆட்டம், இரு முகடுகளுக்கு இடையேயுள்ள தூரத்தில் பாதி ஆழம்வரை உணரப்படும். ஆகவே நீண்ட அலைகள் உள்ள நாளில் 5 மீட்டர் மேல்தளத்தில் தண்ணீர் உங்களை முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டும். நான் அப்படி ஆடிய ஒரு தருணத்தில் கைப்பிடிக் கம்பியைப் பற்றினேன். அதில் அப்பியிருந்த கொட்டலசு (கூரிய ஓடுள்ள சிறு கடலுயிர்) உள்ளங்கையைக் கிழித்தது. அந்த நீரில் இரத்தம் கரும்பழுப்புப் புகையாகத்தான் தெரிந்தது. டார்ச்சை அடித்த பிறகே சிவப்பானது. டெட்டனஸ் ஊசி போட்டுக் காலம் ஆகியிருந்தால் போகும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் அலைந்ததற்குக் கடல் பாதிக் காரணம், என் எடைப் பட்டை மீதிக் காரணம். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 3 கிலோ எடை. 50 பாருக்கு வரும்போது 2 கிலோவுக்கு மேல் குறைந்திருக்கும். இத்தகைய இடங்களில் முடிவுப் பகுதி மேல்தளத்தில்தான் கழியும். அதாவது நாம் மிக இலேசாகும் நேரமும், ஒவ்வொரு அரை மீட்டரும் மிதப்பை மாற்றும் ஆழமும் ஒன்றாக வந்து சேரும். ஆகவே எடையை 50 பார் சிலிண்டருடன், நீங்கள் அன்று அணியவிருக்கும் அதே வெட்சூட்டில் சரிபாருங்கள். ஒரு சிறு கத்தியோ வெட்டியோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கப்பல்களில் அறுந்த வலையும் தூண்டில் நரம்பும் சிக்கியிருக்கும், நரம்பு கண்ணுக்கே தெரியாது.

கரையோரன்

மிக்க நன்றி. சரக்கறை வேண்டாம் என்று நண்பரிடம் சொல்லிவிட்டேன், அவரும் வாதாடவில்லை. இன்று குளத்தில் 50 பார் சிலிண்டருடன் பார்த்ததில், எனக்குக் குறைவது 1 கிலோ என்று தெரிந்தது. அதில் காது ஒன்றுதான் தொல்லை தந்தது: அடிக்கும் மேலுக்குமாக நான்கைந்து முறை ஏறியிறங்கியதும் இடது காது அடைத்துக்கொண்டது. கப்பலிலும் மேல்தளம், அடிப்பகுதி என மாறிமாறிப் போக வேண்டியிருக்குமே?

பழைய நங்கூரம்

தேவையில்லை. முதலில் 12 மீட்டரில், நீரோட்டத்தை எதிர்த்து, அடிப்பகுதியை ஒட்டியே சென்று சுக்கானையும் சுழலியையும் பார்த்துவிடுங்கள். காற்று பாதிக்கு வந்ததும் ஒரே சீராக மேல்தளத்துக்கு ஏறி, நீரோட்டத்தோடு மிதந்து திரும்புங்கள். மறுபடி இறங்க வேண்டாம். சன்னல் துளைகளுக்குள் டார்ச் அடித்தால் சிங்க மீனோ பாம்புபோன்ற அஞ்சாலை மீனோ தென்படலாம், கையை மட்டும் உள்ளே விடாதீர்கள். அன்று காலை காது அடைத்திருந்தாலோ சளி இருந்தாலோ படகிலேயே இருந்துவிடுங்கள்.