‘கியூப்’ வகைக் கண்ணாடிச் சர்க்கரைக் கிண்ணத்துக்கு இந்த மூடியும் தட்டும் உரியவையா? அடையாளம் காண உதவி தேவை

கேள்வி – இளஞ்சிவப்பு அலமாரி

வணக்கம். பிட்ஸ்பர்க் அருகே ஒரு வீட்டில் நடந்த எஸ்டேட் சேலில் (வீட்டுப் பொருள்களை மொத்தமாக விற்கும் விற்பனையில்) ஓர் அட்டைப்பெட்டி நிறையப் பழைய கண்ணாடிப் பாத்திரங்களை வாங்கினேன். அனைத்தும் ஜெனெட் என்ற அமெரிக்கக் கண்ணாடி நிறுவனம் செய்த, கட்ட வேலைப்பாடு கொண்ட கியூப் வகை என்று விற்றவர் கூறினார். 3 அங்குல உயரமுள்ள இளஞ்சிவப்புச் சர்க்கரைக் கிண்ணம், தனியே காகிதத்தில் சுற்றியிருந்த இளஞ்சிவப்பு மூடி, பாதம் வைத்த இளஞ்சிவப்பு டம்ளர்கள் நான்கு, நிறமற்ற சிறு தட்டு ஆகியவை அதில் உள்ளன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான கட்டங்கள்தாம் தெரிகின்றன. ஆனால் டம்ளர்களின் சாயல் கிண்ணத்திலிருந்து வேறுபடுகிறது. தட்டோ நிறமே இல்லாதது. மூடியும் தட்டும் கிண்ணத்தோடு சேர்ந்தவையா என்பதை எவ்வாறு உறுதி செய்வது?

பதில் – அச்சுக்கோடு

முதலில் டம்ளர்களைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பென்சில்வேனியாவின் ஜெனெட் நகரத் தொழிற்சாலை 1929 முதல் 1933 வரை செய்த கியூப் வரிசையில் 9 அவுன்ஸ் கொள்ளும் 4 அங்குல டம்ளர் ஒன்றே உண்டு. அதன் அடி தட்டையாக இருக்கும். பாதம் வைத்த டம்ளர் அந்த வரிசையில் கிடையாது. உங்களிடம் இருப்பவை, பல பத்தாண்டுகளுக்குப் பின் இண்டியானா கிளாஸ் என்ற வேறொரு நிறுவனம் இதே போன்ற கட்டங்களோடு வெளியிட்ட ஒயிட்ஹால் வகையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அதிலும் இளஞ்சிவப்பு உண்டு என்பதால்தான் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது.

கட்டங்களைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிட்டு, அந்த வரிசையில் எந்தெந்த வடிவங்கள் எந்தெந்த அளவில் வந்தன என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. கியூபில் இரவு உணவுக்கான பெரிய தட்டுகூடக் கிடையாது. 8 அங்குலத் தட்டே அதில் பெரியது. ஆகவே 10 அங்குலத் தட்டைக் காட்டி ஒருவர் கியூப் என்றால், அதைக் கையில் வாங்கிப் பார்க்கவே தேவையில்லை.

பதில் – ஊதா விளக்கு

எளிய வழி ஒன்று இருக்கிறது. இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். பழைய கண்ணாடி பச்சையாக ஒளிரும், புதியது ஒளிராது.

பதில் – அச்சுக்கோடு

இந்த வழி இங்கே பயன்படாது. அக்காலத்துப் பச்சைக் கண்ணாடி பலவற்றில் யுரேனியம் சேர்க்கப்பட்டதால் அவை ஒளிர்கின்றன. இளஞ்சிவப்புக்கு அதைச் சேர்க்க வேண்டிய தேவையே இல்லை. ஆதலால் அசல் இளஞ்சிவப்புக் கியூபும் பச்சையாக ஒளிராமல் கிடக்கும், அதைப் போலி என்று நீங்கள் ஒதுக்கிவிடுவீர்கள். யுரேனியம் கலந்த கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிறமற்ற தட்டுதான் உண்மையில் நிதானமாகப் பார்க்க வேண்டிய பொருள். மேற்கு வெர்ஜீனியாவின் மவுண்ட்ஸ்வில்லில் இருந்த ஃபாஸ்டோரியா நிறுவனம் 1915-இல் வெளியிட்ட அமெரிக்கன் வகையிலும் இதே கட்ட வேலைப்பாடு உண்டு. அதில் பெரும்பாலானவை நிறமற்றவை. இரண்டையும் பிரித்தறியச் செய்நேர்த்தி உதவும். ஜெனெட் பொருள்கள் இயந்திரத்தில் மலிவாக அச்சிடப்பட்டவை. அச்சின் இரு பாதிகள் சேரும் கோடு விரலால் தடவினால் தட்டுப்படும். ஃபாஸ்டோரியாவிலோ அச்சிலிருந்து எடுத்த பொருளை மீண்டும் நெருப்பில் காட்டி அந்தக் கோட்டை மழுப்புவார்கள். பல பொருள்களுக்கு அடிப்பாகத்தைத் தேய்த்துச் சமப்படுத்துவதும் உண்டு. தட்டைக் கவிழ்த்து, வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பாருங்கள். நீளத்தையும் அளந்து எழுதுங்கள்.

ஓர் எச்சரிக்கை: ஃபாஸ்டோரியாவை 1983-இல் லான்காஸ்டர் காலனி வாங்கியது, இண்டியானா கிளாஸும் அதே நிறுவனத்தின் கையில்தான் இருந்தது. 1986-இல் மவுண்ட்ஸ்வில் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் அமெரிக்கன் வகைப் பொருள்கள் சில வேறு இடங்களில் செய்யப்பட்டன. எனவே "அமெரிக்கன்தான்" என்று தெரிந்துவிட்டாலும் "பழையதுதான்" என்று ஆகிவிடாது.

கேட்டவர் – இளஞ்சிவப்பு அலமாரி

மிக்க நன்றி ஐயா. தட்டின் நீளம் 7½ அங்குலம். அடியில் தேய்த்த தடம் ஏதும் இல்லை. ஓரத்தில் கோடு நன்றாகவே விரலில் தட்டுப்படுகிறது. மூடி கிண்ணத்தின் வாயில் ஆடாமல் அமர்கிறது, ஆனால் அதன் நிறம் கிண்ணத்தைவிடச் சற்றே ஆரஞ்சு கலந்ததாகத் தெரிகிறது. வேறொரு பாத்திரத்தின் மூடியாக இருக்குமோ?

பதில் – அச்சுக்கோடு

தட்டு கியூப்தான் என்று கொள்ளலாம். அளவும் வேலைத்தரமும் ஒத்துப்போகின்றன. கியூபில் இந்தத் தட்டு நிறமற்றதாக மட்டுமே வந்தது. இளஞ்சிவப்பில் ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். எனினும் அது நிறமற்றது என்பதால், உங்கள் இளஞ்சிவப்புக் கிண்ணத்தோடு சேர்ந்தே விற்கப்பட்டது என்று உறுதியாகக் கூற இயலாது. சர்க்கரைக் கிண்ணத்தையும் பால் குவளையையும் வைப்பதற்காகச் செய்யப்பட்டது அது. கியூபில் 2⅜ அங்குலச் சர்க்கரைக் கிண்ணமும் 2⅝ அங்குலப் பால் குவளையும் சேர்ந்த சிறிய இணை ஒன்றும் உண்டு. அந்தச் சிறிய இணைக்கு மூடி கிடையாது.

மூடியைப் பொறுத்தவரை, சாயல் வேறுபாட்டை வைத்து அதை ஒதுக்க வேண்டாம். அக்காலத்தில் ஒவ்வொரு உலைக் கலவைக்கும் இளஞ்சிவப்பு மாறிக்கொண்டே இருந்தது. 3 அங்குலச் சர்க்கரைக் கிண்ணத்துக்கும் 6½ அங்குல மிட்டாய் ஜாடிக்கும் ஜெனெட் ஒரே மூடியைத்தான் செய்தது. ஆகவே இது எந்தப் பாத்திரத்தோடு முதலில் விற்கப்பட்டது என்று யாராலும் கூற இயலாது, கூறத் தேவையும் இல்லை. ஆடாமல் அமர்ந்தால் அது அதற்குரிய மூடியே. உள்விளிம்பில் விரலை ஒரு சுற்று ஓட்டிச் சிறு சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூடிகள் அங்கேதான் அடிபடும், விலையும் அங்கேதான் குறையும்.

கிண்ணத்துக்கு இணை வேண்டுமானால் 3 9/16 அங்குல இளஞ்சிவப்புப் பால் குவளையைத் தேடுங்கள். அளவுகோல் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். சிறிய குவளையும் இளஞ்சிவப்பில் உண்டு, விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயரில்தான் வைத்திருப்பார்கள்.