டயலிசிஸ் பை: எங்கே பிழை வருகிறது?
(ஆய்வுகூடத்தில் புரதக் கரைசலிலிருந்து உப்பைப் போக்கும் செலுலோசுக் குழாய்ப் பை இது: சின்ன மூலக்கூறுகள் வெளியேறும், பெரியவை உள்ளே நிற்கும்.)

தலவாக்கலைப் பக்கமிருந்து:
பை வெடிப்பது பெரும்பாலும் முட்ட நிரப்புவதால்தான். தேயிலைக் கொழுந்திலிருந்து பொலிபீனோல் ஒட்சிடேசை (கொழுந்தை மண்ணிறமாக்கும் நொதியம்) அமோனியம் சல்பேற்றால் வீழ்படிவாக்கிக் கரைத்தால், கரைசலில் உப்பு மண்டிக் கிடக்கும். தண்ணீர் உள்ளே ஏறி, பை இரண்டு மடங்காகவும் வீங்கும். பாதிக் குழாயைக் காற்றில்லாமல் தட்டையாக விட்டு, இரட்டை முடிச்சுப் போடுங்கள்.

12,000–14,000 டால்டன் (மூலக்கூற்றுத் திணிவின் அலகு) வரை வெளியேவிடும் செலுலோசுக் குழாயை, 2% சோடியம் இருகாபனேற்றும் 1 மில்லிமோலார் ஈடிடிஏயும் (உலோக அயன்களைப் பிடிக்கும் பொருள்) கலந்த நீரில் 10 நிமிடம் கொதிக்கவிடுவது வழக்கம். (நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும்; அதுவே போதும்.) பிறகு காய்ச்சிவடித்த நீரில் நாலைந்து தடவை அலசுங்கள். இந்த நொதியத்தில் செம்பு இருக்கிறது. மிஞ்சிய ஈடிடிஏ அதைப் பிடுங்கிவிடும். குழாயைப் பிறகு ஒருபோதும் காயவிடக் கூடாது, வெடித்துப்போகும்.

பேராதனையிலிருந்து:
பையைச் சுற்றியுள்ள வெளிக்கரைசலின் அளவைவிட அதை எத்தனை தடவை மாற்றுகிறோம் என்பதே முக்கியம். 10 மில்லிலீட்டரை 2 லீட்டரில் ஒரே தடவை வைத்தால் உப்பு சுமார் 200 மடங்குதான் குறையும். அதே 2 லீட்டரை இரண்டாகப் பிரித்து மாற்றினால் 10,000 மடங்கு! 4 பாகையில், கலக்கியபடி, மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்று, கடைசி மாற்றம் இரவு முழுக்க.

சல்பேற்று போய்விட்டதா என்று பேரியம் குளோரைட்டு விட்டுப் பார்ப்பவர்களுக்கு: பொசுபேற்றுத் தாங்கற்கரைசலிலும் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) வெள்ளைப் படிவு வரும். முதலில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் விடுங்கள். அப்படியும் வெள்ளை நின்றால்தான் சல்பேற்று. பேரியம் நஞ்சு, கை கவனம்.

மறுபடி தலவாக்கலை:
பைக்குள் மண்ணிறமாகிவிட்டால் டயலிசிஸ் காப்பாற்றாது. புரதத்தோடு ஒட்டிய பொலிபீனோல் அதோடு உள்ளேயே தங்கும். அரைக்கும்போதே தடுக்கவேண்டும். அதற்குப் பொலிபீனோலைப் பிடிக்கும் பொலிவைனைல் பிரோலிடோனில் கரையும் வகையைப் போட்டால், 40,000 டால்டன் வகை பையைவிட்டு வெளியேறாது. கரையாத வகையைப் போட்டு வடித்துவிடுவதே என் கட்சி.

ஹட்டன், பாடசாலை ஆய்வுகூடம்:
சேர், பிள்ளைகளுக்கு டயலிசிஸைக் காட்ட மாப்பொருள், கறியுப்பு, ஒரு முழக் குழாய் போதும். 1861-இல் தோமஸ் கிரகாம் இதற்குப் பெயர் வைத்தபோது அவரிடம் இருந்ததே தாவரப் பாச்மென்ட் தாள்தான். 1% மாப்பொருட் கரைசலோடு உப்பையும் பையில் விட்டு, காய்ச்சிவடித்த நீரில் அரை மணித்தியாலம் வையுங்கள். பீலித் தண்ணி வேண்டாம், அதிலேயே குளோரைட்டு இருக்கும். வெளிநீரில் வெள்ளி நைத்திரேற்று விட்டால் தயிர்போலத் திரளும், உப்பு வெளியே வந்துவிட்டது. அயடீன் விட்டால் நிறம் மாறக் கூடாது, மாப்பொருள் உள்ளேயே நிற்கவேண்டும். நீலக்கறுப்பானால் உடனே குழாயைத் திட்டாதீர்கள். ஊற்றும்போது வெளியே வழிந்ததைக் கழுவாமல் முகவைக்குள் இறக்கியிருப்பார்கள். கழுவியும் நீலம் வந்தால் முடிச்சைப் பாருங்கள்.