மூணாவது படம் வந்து நிக்கிற நொடி: செல்பிப் டாஸ்க் 5, ஓஇடி ரோல்பிளே அனுபவங்கள்

தங்கச்சிமடத்தான்
செல்பிப், கனடா போறவங்க கம்ப்யூட்டர்ல எழுதுற இங்கிலீஷ் பரீட்சை. அதுல ஸ்பீக்கிங்குக்கு எட்டு டாஸ்க். அஞ்சாவதை மட்டும் சொல்றேன். ரெண்டு படம் வரும், கூடவே விலை, தூரம், வசதின்னு சில விவரம். 60 செகண்டுக்குள்ள ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும், இல்லன்னா கம்ப்யூட்டரே ஒண்ணை எடுத்துரும். அதுவரை சிக்கல் இல்ல. அடுத்த ஸ்கிரீன்தான் இன்னும் உறுத்துது. வேண்டாம்னு விட்ட படம் போயிருச்சு, அந்த இடத்துல புதுசா ஒண்ணு நிக்குது. நம்மளோடதை விட விலை கம்மி, இடமும் பெருசு. வீட்டுல ஒருத்தருக்கு அதுதான் புடிச்சிருக்காம், அவர் மனசை மாத்தணுமாம். யோசிக்க 60 செகண்ட், பேச 60 செகண்ட். பக்கத்து சீட்டுக்காரர் "சீப்பர், சீப்பர்"னு திணறுறது ஹெட்செட்டையும் தாண்டிக் கேக்குது.

முதல் 60 செகண்டுல எது அழகுன்னு பாக்காதீங்க. எதைப் பத்தி நம்பர் வச்சுப் பேச முடியுமோ அதைத் தொடுங்க. விட்ட படத்தை மறந்துருங்க, அதைப் பத்திப் பேசுற ஒவ்வொரு வரியும் வீண்.

கீழக்கரை காக்கா
தம்பி சொன்னது பாதி சரி. எதைத் தொட்டாலும் ஒண்ணுதான், வர்றது எப்படியும் ஏதாவது ஒரு விதத்துல நம்மளோடதை விட நல்லாத்தான் இருக்கும். அதை எப்படிச் சமாளிக்கிறோம்னுதான் பாக்குறாங்க.

குறிப்புத் தாளை நடுவுல கோடு போட்டு ரெண்டாப் பிரிங்க. இடது பக்கம் நம்மது, வலது பக்கம் அவங்களது. ஒரே வரிசையில நேருக்கு நேர் வர்ற விஷயத்தை மட்டும் எழுதுங்க: விலைக்கு விலை, தூரத்துக்குத் தூரம். வாக்கியமா எழுதுனா நேரம் போயிரும், அப்புறம் அதையே வாசிக்கத் தோணும். ஒரு நிமிஷத்துல 130 வார்த்தை வந்தாலே தாராளம். அதுல மூணு காரணம் அடங்காது, ரெண்டு போதும்.

ஒரு பயிற்சி சொல்றேன். தங்கச்சி கல்யாணத்துக்கு ராம்நாட்டுல மண்டபம் வாடகை 60,000. மச்சான் மதுரையில 45,000க்கு ஒண்ணு பாத்துட்டாரு. "மதுரை மண்டபம் வேணாம், இது நல்லாருக்கு"ன்னா அது பிடிவாதம், யாரும் மாற மாட்டாங்க. விலை கம்மிதான்னு முதல்ல ஒத்துக்கங்க, பிறகு அந்த விலையைப் பிரிச்சுப் போடுங்க: நூறு கிலோமீட்டருக்கு மேல, 200 பேரு, நாலு பஸ்ஸு. "ஐ நோ யுவர் ஹால் இஸ் சீப்பர், மச்சான், பட் ஒன்ஸ் வீ ஆட் ஃபோர் பஸ்ஸஸ், வீ வில் ஸ்பென்ட் மோர் தேன் வீ சேவ்." 15,000 மிச்சம் எங்க போச்சுன்னு மச்சானுக்கே புரிஞ்சுரும். ரெண்டாவது காரணம் அவரோட ஆளை வச்சு வரட்டும்: உங்க உம்மாவுக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் உக்காந்து வரணுமே. மாற வேண்டியது அவருதானே, அவருக்கு வலிக்கிற இடத்துலதான் தொடணும்.

மண்டபம் கேம்ப் சிஸ்டர்
ஓஇடிங்கிற, மருத்துவத் துறைக்காரங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை எழுதுற நர்ஸ் பிள்ளைங்களுக்கு இது. காக்கா சொன்ன கணக்கு அங்க செல்லாது. நாம நர்ஸு, எதிர்ல ஒருத்தர் பேஷண்டா நடிப்பார், அதுதான் ரோல்பிளே. அப்படி ரெண்டு, ஒவ்வொண்ணுக்கும் கார்டைப் படிக்க 3 நிமிஷம், பேச சுமார் 5 நிமிஷம். கார்டுலயே குறிப்பு எழுதிக்கலாம், புரியாத வார்த்தையைப் பேச ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே கேட்டுரலாம்.

"பேஷண்ட் இன்னைக்கே டிஸ்சார்ஜ் கேக்குறார், தங்கச் சம்மதிக்க வைங்க"ன்னு ஒரு கார்டு. இன்ஃபெக்‌ஷன், காம்ப்ளிகேஷன்னு நம்ம பிள்ளைங்க மூச்சு விடாம அடுக்குறாங்க. எதிர்ல இருக்கவர் கையைக் கட்டிட்டு "ஐ ஸ்டில் வான்ட் டு கோ ஹோம்"னு ஒரே வரியில முடிச்சுடுறார். அவர் வேணும்னே பண்ணல. அவர் கையில இருக்க கார்டுல வேற ஒரு கவலை இருக்கும். வீட்டுல பிள்ளையைப் பாத்துக்க ஆள் இல்ல, அந்த மாதிரி. கேட்டாத்தான் சொல்லுவார்.

அதனால முதல்ல ஒரு கேள்வி: "வாட்ஸ் மேக்கிங் யூ வான்ட் டு லீவ் டுடே?" பதில் வர்ற வரைக்கும் வாயை மூடணும். அந்தக் கவலைக்கு ஒரு வழி சொல்லிட்டு அப்புறம் மருத்துவக் காரணத்துக்கு வாங்க, அதையும் ரெண்டு ரெண்டு வரியா. நடுவுல புரியுதான்னு கேளுங்க. பேஷண்ட் பார்வையைப் புரிஞ்சுக்கிறதுக்குன்னே தனி மதிப்பெண் இருக்கு. இங்கிலீஷ் பக்கம் ஒவ்வொரு அம்சத்துக்கும் 6 மார்க், இந்தக் கம்யூனிகேஷன் பக்கம் ஒவ்வொண்ணுக்கும் 3. எதிர்ல பேசுறவர் மார்க் போட மாட்டார், ரெக்கார்டிங் வேற ஆட்களுக்குப் போகுது. அவர் முகத்தைப் பாத்துப் பயப்படாதீங்க.

தொண்டி எக்ஸ்பிரஸ்
இவ்வளவு எதுக்கு? ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, ஃபைனலி ஒரு டெம்ப்ளேட் மனப்பாடம் பண்ணுங்க, எல்லாத்துக்கும் பொருந்தும்.

பாம்பன் பாலத்தடி
தொண்டி, அப்படிப் பொருந்துனா இவ்வளவு பேர் ஏன் திரும்பத் திரும்ப எழுதுறாங்க? ஐஇஎல்டிஎஸ்லயே மனப்பாடப் பதிலைக் கண்டுபிடிச்சு எக்ஸாமினர் கேள்வியை மாத்திருவார். அங்க பார்ட் 3ல கருத்துதான் கேக்குறாங்க, எக்ஸாமினரை யாரும் மனசு மாத்த வேண்டாம். செல்பிப்ல ஆளையே குறிப்பிட்டு, இவர்கிட்ட பேசுன்னு சொல்றான். மச்சான்கிட்ட யாராவது "ஃபர்ஸ்ட்லி"ம்பாங்களா?

சரி, கேக்காட்டியும் சொல்றேன். செல்பிப் ரூம்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுவாங்க, அதுதான் நம்மாளுங்களைக் கவுக்குது. ராத்திரி மாடியில தனியா உக்காந்து பழகுறது அதுக்கு உதவாது. விடிகாலை மீன் ஏலம் போடுற இடத்துல, போன்ல 60 செகண்ட் டைமர் வச்சு, ஹெட்செட் மாட்டிப் பேசிப் பாருங்க. ஏலக்காரன் குரலை மீறிக் கத்தாம, சாதாரண சத்தத்துலயே கோர்வை விடாமப் பேசணும். கடலைப் பாத்து நிக்காதீங்க, ரெக்கார்டிங்ல காத்துதான் இருக்கும். மைக்கை உதட்டுக்கு நேரா வைக்காம ரெண்டு விரக்கடை தள்ளி, வாயோரமா வைங்க. நேரா வச்சா ஒவ்வொரு "ப"வுக்கும் டப்புன்னு அடிக்கும்.

அப்புறம் "மோர் சீப்பர்", "மோர் பெட்டர்"னு தப்பாச் சொல்றது. ஒப்பிட்டுப் பேசுறதுதான் இந்த டாஸ்க்கே, அதுல தப்பு வந்தா பளிச்சுனு தெரியும். ஒப்பிடுற வார்த்தை பத்தை எழுதி வச்சு வாய்க்குப் பழக்குங்க: சீப்பர், க்ளோசர், சேஃபர், மோர் ஸ்பேஷியஸ், இப்படி. "ஃபேர்" சொல்றப்ப "பேர்"னு விழுந்தா பஸ் கட்டணம் கரடியாயிரும். "குட்", "நைஸ்" ரெண்டையும் பட்டியல்ல இருந்தே தூக்குங்க.

தங்கச்சிமடத்தான்
அண்ணே, ஏலத்துக்குத் தடைக்காலத்துல எங்க போறது? ஏப்ரல் 15ல இருந்து 61 நாளு விசைப்படகு எல்லாம் கரையிலல்ல கிடக்கு.

பாம்பன் பாலத்தடி
நாட்டுப்படகு மீன் வரும்ல தம்பி. அதுவும் இல்லன்னா ராம்நாடு பஸ் ஸ்டாண்டு.

கீழக்கரை காக்கா
ஒண்ணு விட்டுப்போச்சு. செல்பிப்ல 60 செகண்ட் ஆனதும் மைக் தானா நின்னுரும், பாதி வாக்கியம்னாலும் காத்திருக்காது. "ஷல் வீ புக் திஸ் ஒன்?"ங்கிற கடைசிக் கேள்வியை 50லயே கேட்டுருங்க. நேரம் மிச்சமிருந்தா உம்மாவோட மூட்டு வலியை இன்னொரு தடவை எடுங்க.