லேபர் டே கிரில்லுக்கு மலிவு ஒயின்: போன வருஷம் சொதப்பிவிட்டது, உதவுங்கள்

எடிசன்வாசி:
நியூ ஜெர்சியில் இருக்கிறோம். செப்டம்பர் முதல் திங்கள், லேபர் டே அன்று வீட்டுப் பின்பக்கம் கிரில் போடுவது வழக்கம். 20 பேர் வருவார்கள், ஒயின் தொடுபவர்கள் 12 பேர். போன வருஷம் ஒருவர் பேச்சைக் கேட்டு கேபர்நே சோவின்யோன் என்ற சிவப்பு ஒயினை, பாட்டில் 25 டாலரென்று, ஆறு வாங்கினேன். மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்ட சிக்கன் அரை மணியில் காலி, ஒயினோ நாலு பாட்டில் திறக்காமலே கிடந்தது. குடித்தவர்களும் வாய் எரிகிறது, கசக்கிறது என்றார்கள். கெட்டுப்போன ஒயினா, என் தேர்வே தப்பா? இந்த முறை 120 டாலருக்கு மேல் போகமாட்டேன். அதே சிக்கன், பார்பெக்யூ சாஸ் தடவிய பன்றி ரிப்ஸ், சோளம், பனீர் டிக்கா.

கரியடுப்பு:
பாட்டிலை எங்கே வைத்திருந்தீர்கள்?

எடிசன்வாசி:
வெளியே மேஜைமேல்தான். சிவப்பு ஒயினைக் குளிர்விக்கக் கூடாதென்று சொன்னார்களே. அன்று 90 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில்.

கரியடுப்பு:
அங்கேதான் கோளாறு. அறை வெப்பம் என்பது குளிர்ந்த நிலவறை உள்ள பழைய ஐரோப்பிய வீட்டுக் கணக்கு, ஆகஸ்ட் முடிகிற வெயிலுக்கு அது செல்லாது. சூடாக இருந்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும். அதோடு கேபர்நேயில் டானின் அதிகம், நம் வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் இருக்கிற அந்தத் துவர்ப்புதான். மிளகாய்க் காரத்தோடு துவர்ப்பும் 14 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்தால் எரிச்சல் கூடத்தான் செய்யும். ஒயின்மேல் பழி போடாதீர்கள், 25 டாலரில் அது நல்ல சரக்காகவே இருந்திருக்கும்.

காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பு, ஆல்கஹால் குறைவு, நல்ல குளிர்ச்சி, இந்த மூன்றும் வேண்டும். வாஷிங்டன் மாநிலத்து ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின், லேசாக இனிப்பது, 10 டாலர் பக்கம் கிடைக்கும். அப்புறம் போர்ச்சுகலின் வின்யோ வெர்டே, நாக்கில் மெல்லச் சுரீரென்று இருக்கும், பலதில் ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான்.

ரிப்ஸ்ராஜா:
ரீஸ்லிங் எல்லாம் சர்பத். ரிப்ஸுக்கு கலிஃபோர்னியா சிவப்பு ஒயின் ஜின்ஃபாண்டெல்தான், இனிப்பு சாஸுக்கு அதன் பழச்சுவைதான் ஈடு கொடுக்கும். ஆனால் ஒயிட் ஜின்ஃபாண்டெல் என்று போட்டிருப்பதை எடுத்துவிடாதீர்கள், அது ரோஸ் நிறத்தில் இனிப்பாக இருக்கும் வேறு சங்கதி.

கரியடுப்பு:
ஜின்ஃபாண்டெல் பெரும்பாலும் 14, 15 சதவீதம் ராஜா, காரச் சிக்கன் பக்கம் அது போனால் போன வருஷக் கதைதான். ரிப்ஸுக்கு மட்டும் என்றால் சரி, இரண்டு பாட்டில். நானாக இருந்தால் போஜோலே என்ற லேசான பிரெஞ்சுச் சிவப்பு ஒயின் வாங்கி அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து ஊற்றுவேன், துவர்ப்பே தெரியாது.

பனீர்கட்சி:
சைவக்காரர்கள் வந்தால் ஒரு விஷயம். ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, மீனின் காற்றுப்பை எல்லாம் பயன்படுத்துவதுண்டு. வீகன் என்று லேபிளில் போட்டிருப்பதாகப் பார்த்து எடுத்தால் சங்கடமில்லை. இன்னொன்று, நுரைக்கும் ஒயினில் எக்ஸ்ட்ரா ட்ரை என்று போட்டிருப்பது புரூட் என்று போட்டிருப்பதைவிட இனிப்பு! பேரை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

எடிசன்வாசி:
நல்லவேளை சொன்னீர்கள். எத்தனை பாட்டில் வேண்டும்?

கரியடுப்பு:
ஒரு பாட்டிலுக்கு 5 கிளாஸ். திரும்பிப்போகக் காரோட்டுகிறவர்களைக் கழித்தீர்களா? 12 பேருக்கு மூன்று மூன்று என்றால்கூட 36 கிளாஸ், 8 பாட்டில் போதும். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினில் 3 லிட்டர் பெட்டி ஒன்று எடுத்தால் அதுவே 4 பாட்டில் கணக்கு. மிச்சமானாலும் உள்ளே பை சுருங்கிக்கொள்வதால் ஃபிரிட்ஜில் நாலைந்து வாரம் கெடாது. பெட்டி ஒயினா என்று முகம் சுளிப்பவர் இருந்தால் ஜாடியில் ஊற்றி வைத்துவிடுங்கள்.

எடிசன்வாசி:
அப்படியென்றால் ரோஸே பெட்டி ஒன்று, ரீஸ்லிங் 2, ஜின்ஃபாண்டெல் 1, போஜோலே 1, ஸ்பெயினின் நுரைக்கும் ஒயினான காவாவில் புரூட் 1. 90 டாலருக்குள் வரும்போல. ஐஸ் மூன்று மூட்டை போதுமா?

ரிப்ஸ்ராஜா:
போதும், ஆனால் ஐஸோடு தண்ணீரும் உப்பும் சேருங்கள், 20 நிமிஷத்தில் சில்லென்று ஆகிவிடும். வெறும் ஐஸில் புதைத்தால் சிக்கன் வெந்துகொண்டிருக்கும், பாட்டில் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஜின்ஃபாண்டெலை இரண்டாக்குங்கள் அண்ணா.