கலைச்சொல்: தீ எச்சரிக்கை பேனலில் ‘அக்செஸ் லெவல்’, ‘ஐசோலேட்’, ‘புரோகிராமிங்’

மடல் 1

அன்பர்களுக்கு வணக்கம்.

யார் எதுவரை இயக்கலாம் என்று வகுக்கும் ‘அக்செஸ் லெவல்’ என்பதைக் கணினித் துறையில் ‘அணுகல் நிலை’ என்கிறோம். தீ எச்சரிக்கை பேனலின் (டிடெக்டர்களையும் ஒலிப்பான்களையும் கட்டுப்படுத்தும் பெட்டியின்) கையேட்டில் அதை அப்படியே வைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 1997-இல் வந்த ஐரோப்பியத் தரமான ஈ.என். 54-2, பேனலுக்கு இயல்பு, தீ, பழுது, முடக்கம், சோதனை என்று நிலைகளை வரையறுக்கிறது. இவற்றைத் தீ நிலை, பழுது நிலை என்றுதான் சொல்லியாக வேண்டும். “நிலை 2-க்குப் போய் முடக்க நிலையை நீக்குக” என்று எழுதினால், அவசரத்தில் படிக்கும் காவலர் எந்த நிலையைப் பிடிப்பார்? ‘தளம்’ அதைவிட ஆபத்து. பேனலில் “தளம் 2” என்று கண்டால் இரண்டாம் மாடிக்குத்தான் ஓடுவார்கள்.

நான் முன்வைப்பது ‘அனுமதிப் படி’. தரத்தில் நான்கு படிகள் உண்டு.

படி 1 எவருக்கும் திறந்தது. சாவியோ குறியெண்ணோ இல்லாமலே எந்த மண்டலத்தில் (கட்டடத்தைப் பிரித்த பகுதியில்) தீ என்று தெரிய வேண்டும். படி 2 பயிற்சி பெற்ற பாதுகாப்புப் பொறுப்பாளருக்கு. சாவி அல்லது குறியெண் போட்டால்தான் திறக்கும். ஹூட்டரை (எச்சரிக்கை ஒலிப்பானை) நிறுத்துவது, திரும்ப ஒலிக்கவிடுவது, ரீசெட், ஒரு மண்டலத்தை முடக்குவது எல்லாம் இங்கே. படி 3-இல் அந்தக் கட்டடத்துக்கான அமைப்பையே மாற்றலாம். எந்த டிடெக்டர் (புகையோ வெப்பமோ உணரும் கருவி) எந்த மண்டலம், அதன் இடப்பெயர் என்ன, அது தீ காட்டினால் எந்த ஹூட்டர், எந்த ரிலே (பிற கருவிகளை இயக்கும் மின்விசை) இயங்க வேண்டும் என்பவை அதில் அடங்கும். படி 4 ஃபர்ம்வேரை (பேனலுக்குள் பதிந்த நிரலை) மாற்றவும் பழுதுபார்க்கவும். பேனலின் பொத்தான்களை வைத்துக்கொண்டு மட்டும் அங்கே நுழைய முடியாது, வெளியிலிருந்து தனிக் கருவி வேண்டும்.

‘சைலன்ஸ்’ என்பதற்கு ‘ஒலியடக்கு’ என்றும், ஒரு டிடெக்டரையோ மண்டலத்தையோ வேலை செய்யாமல் நிறுத்திவைக்கும் ‘ஐசோலேட்’ என்பதற்குத் ‘தனிமைப்படுத்து’ என்றும் குறித்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

மடல் 2

> நான் முன்வைப்பது ‘அனுமதிப் படி’.

ஐயா, ‘நிலை’, ‘தளம்’ பற்றிச் சொன்னதை முழுதும் ஏற்கிறேன். ஆனால் ‘அனுமதிப் படி’யைச் சேர்த்து அச்சிட்டால் ‘அனுமதிப்படி’ ஆகிவிடும். “அனுமதிப்படி முடக்குக” என்பது அனுமதி வாங்கிக்கொண்டு முடக்கு என்று வேறு பொருள் தரும். ‘இயக்குரிமை’ என்று வைக்கலாமே. “இயக்குரிமை 2 தேவை” என்றாலே போதும். எண்ணே ஏற்றத்தைக் காட்டுவதால் லெவலுக்குத் தனிச்சொல் வேண்டியதில்லை. பல பேனல்களின் திரையில் தமிழ் எழுத்து வராது. முகப்பில் ஒட்டும் சிறு தாளில்தான் எழுதுகிறோம், அதனால் சொல் குறுகினால் நல்லது.

‘ஒலியடக்கு’ ஒன்று போதாது. பேனலுக்குள் கூவும் பஸர் வேறு, கட்டடம் முழுக்க ஒலிக்கும் ஹூட்டர் வேறு. பஸரை 1-லோ 2-லோ நிறுத்தலாம் என்று தரம் விட்டிருக்கிறது. ஹூட்டரை நிறுத்த 2 வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால், பஸர் ஓய்ந்ததும் வேலை முடிந்தது என்று காவலர் நகர்ந்துவிடுவார். ‘பஸர் நிறுத்து’, ‘ஹூட்டர் நிறுத்து’ என்றே எழுதுவோம். ரீசெட்டுக்கு ‘மீட்டமை’ சரிதான். ஆனால் புகை இன்னும் டிடெக்டருக்குள் இருந்தால், மீட்டமைத்தாலும் 20 நொடிக்குள் பேனல் மறுபடி தீ காட்ட வேண்டும். இது பழுதல்ல என்று கையேடு அங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்ததாக அந்த மண்டலத்தையே முடக்கிவிடுவார்கள்.

‘தனிமைப்படுத்து’ வேண்டாம். லூப்பில் (டிடெக்டர்களை இணைக்கும் வளையக் கம்பியில்) ஷார்ட் ஏற்பட்டால் அந்தத் துண்டை மட்டும் தானாக வெட்டிவிடும் ஐசோலேட்டர் என்று ஒரு கருவியே இருக்கிறது. அது கருவி செய்வது, இது மனிதர் தெரிந்தே செய்வது. நீங்களே ‘முடக்க நிலை’ என்று எழுதியிருப்பதால் இதற்கு ‘முடக்கு’ என்பதே பொருந்தும். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்க, முடக்கிய இடத்தில் தீ வந்தாலும் பேனல் அதைத் தீ என்று காட்டாது. சொல்லிலேயே அந்தக் கனம் தெரியட்டும்.

மடல் 3

இருவருக்கும் வணக்கம். ‘இயக்குரிமை’க்கு என் ஒப்புதல். ‘புரோகிராமிங்’ மட்டும் விடுபட்டுவிட்டது. அதை ‘நிரலாக்கம்’ என்றால் தவறான படம் வருகிறது. இயக்குரிமை 3-இல் யாரும் நிரல் எழுதுவதில்லை. நிரல் இருப்பது 4-இல். 3-க்கு ‘அமைவாக்கம்’ என்பேன்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு டிடெக்டருக்கும் அட்ரஸ் (அடையாள எண்) வைத்து லூப்பில் மாட்டுகிறார்கள். பேனலைத் தானாகத் தேடவிட்டால் கண்டதையெல்லாம் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். இரண்டுக்கு ஒரே அட்ரஸ் இருந்தால் பழுது காட்டும், அது கண்ணில் படும் தவறு. படாத தவறு, தேடும் நேரத்தில் பேஸிலிருந்து (அது மாட்டும் அடிப்பாகத்திலிருந்து) கழற்றி வைத்த டிடெக்டர். பட்டியலிலேயே இல்லாததை இல்லை என்று பேனல் முறையிடாது. எனவே வரைபடத்தில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகுதான் இடப்பெயர், மண்டலம், காரண-விளைவு (எது தூண்டினால் எது இயங்க வேண்டும் என்ற அட்டவணை) என்று போக வேண்டும்.

ஹூட்டருக்கான தாமதத்தை எடுத்துக்கொண்டால் அமைவாக்கமும் அன்றாட இயக்கமும் பிரிந்து நிற்பது தெளிவாகும். எத்தனை நிமிடம் என்று வைப்பது அமைவாக்கம், அதற்கு உரிமை 3. ஈ.என். 54-2-இன்படி 10 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வைத்த தாமதத்தைப் போடுவதும் எடுப்பதும் அன்றாட இயக்கம், அதற்கு 2 போதும். ஆகவே கையேட்டில் ‘தாமதம் அமை’ என்றும் ‘தாமதம் போடு / எடு’ என்றும் இரண்டு பதிவுகள் வேண்டும்.

‘மறு ஏற்புச் சோதனை’ என்பதையும் பட்டியலில் சேருங்கள். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 72 தரப்படி அமைவாக்கத்தில் கைவைத்தால், மாற்றம் தொட்ட செயல்கள் அனைத்தையும் சோதிக்க வேண்டும். அதோடு, மாற்றம் நேரடியாகத் தொடாத டிடெக்டர், கையழுத்திப் பெட்டி (தீயைக் கண்டவர் கையால் அழுத்தி எச்சரிப்பது) போன்றவற்றில் 10 விழுக்காட்டை, அதிகம் போனால் 50-ஐ, இயக்கிப் பார்க்க வேண்டும். ‘சோதனை நிலை’ என்பது பேனலின் ஒரு நிலை. இது வேலை முடிந்தபின் செய்து கையொப்பமிட்டுக் கொடுக்கும் சோதனை. இரண்டையும் வெறும் ‘சோதனை’ என்று எழுதக் கூடாது.

‘காஸ் அண்ட் எஃபெக்ட்’ அட்டவணைக்குக் ‘காரண-விளைவு’ என்று நான் மேலே எழுதியது தற்காலிகம். ‘தூண்டல்-இயக்க அட்டவணை’ என்பது நீளமென்றாலும், இடப்பக்கம் எது தூண்டுகிறது, மேலே எது இயங்குகிறது என்று கட்டங்களைப் பார்த்தவுடன் சொல்லிவிடும். எது வேண்டும் என்று எழுதுங்கள்.