நிலம் மாறுவதை நேரில் பார்த்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

கற்பாதை:
பனியாறு (மலைச்சரிவில் மெல்ல நகரும் பெரும் பனித்திரள்), ஆற்று வளைவு, கடல்மட்டம் என்று பாடத்தில் படித்த ஏதாவது ஒன்றை நேரில் பார்த்தவர்கள் இங்கே எழுதுங்கள். படம் மட்டும் போட்டுவிட்டுப் போக வேண்டாம். எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள், அதை உண்டாக்கியது எது என்பதையும் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

கனடாவில் ராக்கி மலைத்தொடரில் இருக்கும் அத்தபாஸ்கா பனியாற்றுக்குப் போயிருந்தேன். பனி விளிம்பை நோக்கிப் போகும் நடைபாதையில் ஆங்காங்கே ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கின்றன. அந்தந்த ஆண்டில் பனியாற்றின் நுனி எங்கே இருந்தது என்பதற்கான அடையாளம் அது. 1992 பலகையருகே நின்று பார்த்தேன். பனி இருக்க வேண்டிய இடத்தில் சரளைக்கல்லும் நடுவே சாம்பல் நிற ஓடையும்தான். கடந்த 125 ஆண்டுகளில் இந்தப் பனியாறு ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. எண்ணாகப் படிக்கும்போது எதுவும் தோன்றாது. அத்தனை தூரத்தையும் காலால் கடக்கும்போது மனசு கனத்துவிடுகிறது.

காலடியில் இருந்த பாறையில் எல்லாம் ஒரே திசையில் ஓடும் கீறல்கள். பனியின் அடியில் சிக்கிய கற்கள் இழுபட்டுப் போட்ட கோடுகள் அவை. ஓடையின் நிறத்துக்கும் அதுதான் காரணம்: அரைபட்ட பாறை மாவாகி நீரில் மிதக்கிறது. ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ‘பின்வாங்குகிறது’ என்றதும் பனி மலைமேல் திரும்பி ஏறுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பனி எப்போதும் கீழ்நோக்கித்தான் நகர்கிறது. மேலே குளிர்காலத்தில் சேர்வதைவிடக் கோடையில் உருகுவது அதிகமானால் நுனி மட்டும் மேலே போகிறது. வரவு செலவுக் கணக்குத்தான்.

வெண்சரிவு:
நான் பார்த்தது பிரான்சில், மோன் பிளான் மலை அருகே உள்ள மேர் தெ கிளாஸ் பனியாறு. அங்கே நீளத்தைவிடத் தடிமன் குறைந்ததுதான் கண்ணில் அறைந்தது. மேலேயிருந்து பனிக்குகைக்கு இறங்க நூற்றுக்கணக்கான படிகள். வழியில் பாறைமேல் ஆண்டுப் பலகைகள்: அந்த ஆண்டில் பனியின் மேல்மட்டம் இதுவரை இருந்தது என்று. இறங்க இறங்க ஆண்டுகள் நம் காலத்தை நெருங்குகின்றன, பனி மட்டும் இன்னும் கீழேயே கிடக்கிறது. முழங்கால் வலியோடு வந்த முதியவர் ஒருவர் ஒரு பலகையைத் தொட்டு, தன் சிறுவயதில் பனி இங்கே இருந்தது என்றார்.

பள்ளத்தாக்கின் இரு ஓரத்திலும் பனியாறு விட்டுப்போன கற்குவியல்கள் சுவர்போல நிற்கின்றன. பக்க மொரைன் என்று படித்தோமே, அதுதான். அதன் உச்சியையும் இன்றைய பனியையும் மாறி மாறிப் பார்த்தால் போதும், எவ்வளவு போயிற்று என்று தெரியும்.

வடகரை:
இரண்டையும் படித்தேன். நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறேன். சுவீடனின் கிழக்குக் கடற்கரையில் ‘உயர் கரை’ என்று ஒரு பகுதி உண்டு, யுனெஸ்கோ உலக மரபிடம். காட்டுக்குள் மலையேறிக்கொண்டிருந்தபோது திடீரென்று மரங்கள் விலகி, உருண்டை உருண்டையான கூழாங்கற்கள் பரவிய மேடு வந்தது. அலை உருட்டிய கற்கள். கடலோ வெகு கீழே தெரிகிறது.

அங்கே கடல் வற்றவில்லை, நிலம் எழுந்திருக்கிறது. பனியுகத்தில் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனி அந்த நிலத்தை அழுத்தி வைத்திருந்தது. பனி உருகி பாரம் போனதும், ஆள் எழுந்துபோன மெத்தை மாதிரி நிலம் மெல்ல மேலே வருகிறது. இதுவரை ஏறத்தாழ 285 மீட்டர். இன்றைக்கும் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் அளவில் உயர்கிறது. பனி போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகியும் நிலம் இன்னும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை நினைத்தபடி அந்தக் கற்களின்மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் ‘கடல்மட்டம் உயர்கிறது’ என்று சொல்லும்போது எந்தக் கரையைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்கத்தான் வேண்டும். உலகச் சராசரி 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. வெப்பத்தால் கடல்நீர் விரிவதும் நிலத்துப் பனி உருகிச் சேர்வதும் முக்கியக் காரணங்கள். ஆனால் நிலம் எழும் இடத்தில் கடல் இறங்குவது போலத் தெரியும். நிலத்தடி நீரை உறிஞ்சி நிலம் அமிழும் ஜகார்த்தா போன்ற இடத்தில் பல மடங்கு ஏறுவது போலத் தெரியும்.

மணல்வரி:
வடகரை சொன்னது மிக முக்கியம். நான் கடலரிப்புக்குள்ளான ஒரு கரையில் நின்றிருக்கிறேன். வேரோடு சாய்ந்த மரங்கள், பாதி அறுந்து நிற்கும் சாலை. உடன் வந்தவர்கள் எல்லோரும் “புவி வெப்பமாதல்” என்றார்கள். சற்றுத் தள்ளிக் கடலுக்குள் நீண்ட ஒரு கல்சுவர் இருந்தது. அதன் மறுபக்கம் நடந்து போனால் மணல் மலையாகக் குவிந்து, கரை அகன்று கிடக்கிறது!

அலை சாய்வாக வந்து மோதுகிறது, நேராகத் திரும்புகிறது. அப்படி ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையோரமாகவே பயணம் போகிறது. குறுக்கே சுவர் வைத்தால் ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் பட்டினி. ஆற்றில் அணை கட்டினாலும் இதே கதைதான். கடலுக்கு வரவேண்டிய மணல் நீர்த்தேக்கத்தின் அடியில் தங்கிவிடும்.

வெண்சரிவு:
அப்படியானால் அந்தக் கரைக்கும் காலநிலை மாற்றத்துக்கும் சம்பந்தமே இல்லை என்கிறீர்களா?

மணல்வரி:
இல்லை நண்பரே. மணல் வரத்து நின்ற கரை முன்பே பலவீனமாகிவிட்டது. அதன்மேல் கடல்மட்டமும் உயரும்போது புயல் அலை இன்னும் உள்ளே வருகிறது. இரண்டும் சேர்ந்த அடி. ஆனால் எல்லாவற்றையும் வெப்பமாதலின் தலையில் போட்டால், அந்தச் சுவரைக் கட்டியவர்களைக் கேள்வி கேட்க ஆளிருக்காது. மத்திய ஆசியாவில் வறண்டுபோன ஆரல் கடலையும் இப்படித்தான் பலர் சொல்கிறார்கள். 1960களிலிருந்து ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியதுதான் அதை வறளவைத்த முதன்மைக் காரணம்.

நீர்த்தடம்:
சிறு குறிப்பு. விமான ஜன்னலிலிருந்து சமவெளி ஆறு ஒன்றைப் பார்த்தேன். வளைந்து வளைந்து போகிறது, பக்கத்தில் ஆறு கைவிட்ட குதிரைக் குளம்பு ஏரிகள். வெளி வளைவில் அரிப்பு, உள் வளைவில் படிவு. வளைவின் கழுத்து அறுபட்டதும் ஆறு குறுக்கே பாய்ந்துவிடும். இது ஆற்றின் இயல்பு, யார்மீதும் குற்றமில்லை. ஆனால் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று 7 சதவீதம் அளவுக்குக் கூடுதல் நீராவியைத் தாங்கும். கனமழை இன்னும் கனக்கிறது. இயல்பான ஆறும் வேகம் பிடிக்கலாம்.

கற்பாதை:
எந்தக் காரணம் எவ்வளவு என்று பிரித்தறிய என்ன செய்தீர்கள், மணல்வரி?

மணல்வரி:
லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தேன். 1972 முதல் எடுத்தவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பருவத்தில், முடிந்தவரை ஒரே ஓதமட்டத்தில் (கடல் ஏற்ற இறக்கத்தின் ஒரே நிலையில்) எடுத்த படங்களை அடுத்தடுத்து வையுங்கள். கல்சுவர் வருவதற்கு முன்னும் பின்னும் கரைக்கோட்டை வரையுங்கள். நான் பார்த்த கரையில் சுவர் தோன்றிய சில ஆண்டுகளிலேயே ஒரு பக்கம் உள்வாங்கத் தொடங்கியிருக்கிறது. அதே கரையில், சுவரின் பாதிப்பு எட்டாத தொலைவில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். அங்கும் கரை பின்வாங்கினால் வேறு காரணம் தேட வேண்டும். பெரிதாக உள்வாங்கிய கரையில்தான் இது தெரியும். சில மீட்டர் மாற்றத்துக்குப் பழைய படங்களின் தெளிவு போதாது.